மோட்டாரில் கை வைக்கும் முன் புரொப்பெல்லரைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறையை ஒட்டி உங்கள் மாணவர் இணைப்பில் ரேடியோ கட்டுப்பாட்டு வேகப் படகுகள் பற்றி வந்த கட்டுரையில் பெரும்பகுதி சரியானது. ஒரே ஒரு யோசனைதான் இடறுகிறது. வேகம் போதவில்லை என்றால் 2எஸ், அதாவது இரண்டு செல் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியை எடுத்துவிட்டு மூன்று செல் உள்ள 3எஸ் மாட்டலாம், ஒன்றரை மடங்கு வேகம் கிடைக்கும் என்று போகிற போக்கில் சொல்லப்பட்டிருக்கிறது. அதை அப்படியே செய்யும் மாணவரின் படகு குளத்தின் நடுவில் புகைந்து நிற்கும். அது ஏன் என்பதையும், எந்த வரிசையில் வேலையைத் தொடங்க வேண்டும் என்பதையும் சொல்லவே இக்கடிதம். சற்று நீளம்தான், பொறுத்துக்கொள்ளவும்.

ரிமோட் காரில் இந்தத் தந்திரம் ஓரளவு செல்லும். கார் கிளம்பி வேகம் பிடித்ததும் மோட்டாரின் சுமை குறைந்துவிடும். தண்ணீர் அப்படி விட்டுக்கொடுக்காது. புரொப்பெல்லர் கேட்கும் திறன், அது சுற்றும் வேகத்தின் மூன்றாம் அடுக்கில் ஏறும். 2எஸ் என்பது 7.4 வோல்ட், 3எஸ் என்பது 11.1 வோல்ட். சுற்று ஒன்றரை மடங்கானால் தேவைப்படும் திறன் 1.5 × 1.5 × 1.5, அதாவது 3.375 மடங்கு. வோல்ட்டும் ஒன்றரை மடங்காவதால் அதைக் கழித்துப் பார்த்தால் மின்னோட்டம் 2.25 மடங்கு. முன்பு 40 ஆம்பியர் இழுத்த படகு இப்போது 90 கேட்கும். பெட்டியோடு வரும் வேகக் கட்டுப்படுத்தி, அதாவது இஎஸ்சி, பெரும்பாலும் 60 ஆம்பியருக்கு மேல் தாங்காது. பேட்டரியும் மோட்டாரும் சுமையில் தளர்ந்துவிடுவதால் நடைமுறையில் முழு 90 வராது என்பது உண்மை. 75-ஐத் தொட்டாலே கதை முடிந்தது.

3எஸ் கூடாது என்று சொல்லவில்லை. 3எஸ்ஸுக்குப் போகும்போது மோட்டாரின் கேவி எண்ணும் கூடவே இறங்க வேண்டும். கேவி என்பது இங்கே கிலோவோல்ட் அல்ல. ஒரு வோல்ட்டுக்குச் சுமையின்றி நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்ற கணக்கு. பொழுதுபோக்குப் படகுக்கு மொத்தச் சுற்று 25,000 முதல் 35,000 வரை இருந்தால் போதும். 3,800 கேவி மோட்டார் 2எஸ்ஸில் 28,120 சுற்று. 2,600 கேவி மோட்டார் 3எஸ்ஸில் 28,860 சுற்று. ஏறக்குறைய ஒரே வேகம். ஆனால் 400 வாட் திறனுக்கு முதலாவது 54 ஆம்பியர் இழுக்கும், இரண்டாவது 36தான். கம்பியிலும் சோல்டரிலும் இஎஸ்சியிலும் வீணாகும் வெப்பம் மின்னோட்டத்தின் இரண்டாம் அடுக்கு என்பதால், முதலாவதில் அது 2.25 மடங்கு அதிகம். ஒரே வேகத்துக்கு ஒன்று கொதிக்கும், மற்றது வெதுவெதுப்பாக வரும். 3எஸ்ஸின் உண்மையான லாபம் இதுதான். அதே 3,800 மோட்டாரில் 3எஸ் மாட்டினால் 42,180 சுற்று. அது படகுக்கான எண்ணே அல்ல.

சரி, பேட்டரியை மாற்றாமல் வேகம் கூடுமா? பெரும்பாலான கடைப் படகுகளில் கூடும். அணியத்திலிருந்து (முன்முனை) அமரம் (பின்முனை) வரை சுமார் 60 செ.மீ. நீளம், ஆழமான வி வடிவ அடிப்பகுதி, 36 மி.மீ. விட்டமும் 60 மி.மீ. நீளமும் உள்ள பிரஷ்லெஸ் மோட்டார் (கடைகளில் 3660 என்று கேட்டால் தருவது இதைத்தான்), 4 மி.மீ. வளையும் தண்டு என்று ஒரு படகை எடுத்துக்கொள்வோம். இனி சொல்வதெல்லாம் அதற்குத்தான். இரட்டை உடல் கட்டமரன் வகைக்கு எண்கள் வேறு.

முதலில் எடை எங்கே நிற்கிறது என்று பாருங்கள். பேட்டரி உள்ளே, மூடி மேலே, எல்லாம் ஓடத் தயார் என்ற நிலையில் படகை இரு பக்கமும் ஒவ்வொரு விரலால் தாங்கி, சமமாக நிற்கும் இடத்தில் பென்சில் கோடு போடவும். பின்தட்டிலிருந்து (அமரத்தின் தட்டையான முகம்) அளந்தால் நீளத்தில் 30 சதவீதத்தை ஒட்டி அந்தக் கோடு விழ வேண்டும். 60 செ.மீ. படகில் 18 செ.மீ.; 17 முதல் 19 வரை ஓட்டிப் பார்த்து நிறுத்தலாம். கோடு அதற்குப் பின்னால் இருந்தால் வேகத்தில் அணியம் தவளை போல எம்பி எம்பி விழும். மிகவும் முன்னால் இருந்தால் படகு தண்ணீரோடு ஒட்டிக்கொண்டு உழும், திருப்பத்தில் மூக்கு குத்தி அமரம் வெளியே சுழலும். பேட்டரியை ஒட்டும் வெல்க்ரோவை நீளமாகப் போட்டு, 1 செ.மீ. 1 செ.மீ. ஆக நகர்த்திப் பார்ப்பதற்கு ஒரு பைசா செலவில்லை. பலர் இதைச் செய்யாமலே மோட்டார் வாங்கக் கிளம்பிவிடுகிறார்கள்.

அடுத்து அடிப்பகுதி. படகைக் கவிழ்த்து, பின்பக்கத்துக் கடைசி 20 செ.மீ. மீது நீளவாட்டில் ஓர் இரும்பு அளவுகோலை வைக்கவும். நடுவில் வெளிச்சம் தெரிந்தால் அங்கே குழிவு. அது அணியத்தைக் கீழே அழுத்தும். அளவுகோல் நடுவில் ஊஞ்சலாடினால் அங்கே புடைப்பு. எம்பி விழுவதற்கு அதுவும் காரணம். அச்சில் வார்த்த பிளாஸ்டிக் உடல்களில் இந்தக் கோணல் சர்வ சாதாரணம். குழிவை எபாக்சி புட்டியால் நிரப்பி, மரக்கட்டையில் சுற்றிய 220 எண் உப்புத்தாளால் தேய்த்தால் தீரும். நிரப்பும் முன் பிளாஸ்டிக்கைச் சொரசொரப்பாக்காவிட்டால் புட்டி முதல் ஓட்டத்திலேயே உரிந்து போகும். அடிப்பகுதி பின்தட்டைச் சந்திக்கும் விளிம்பு கத்தி போல நறுக்கென்று முடிய வேண்டும். உருண்டையாக இருந்தால் தண்ணீர் விட்டுப் பிரியாமல் பின்தட்டில் ஏறி ஒட்டி இழுக்கும். பளபளவென்று மெழுகு போட்டு மணிக்கணக்காகத் தேய்ப்பவர்கள் இந்த விளிம்பை விட்டுவிடுவது வேடிக்கை.

இனி தண்டு. வெப்பப் பிரச்சினைகளில் பாதி இங்கேதான் பிறக்கிறது. மோட்டாரிலிருந்து புரொப்பெல்லர் வரை பித்தளைக் குழாய்க்குள் ஓடும் வளையும் தண்டு, சைக்கிள் பிரேக் கேபிளின் தடித்த உறவுக்காரன். சுமை ஏறும்போது அதன் முறுக்கு இறுகி நீளம் குறையும். அதனால் பின்னால் உள்ள தாங்கிக்கும், புரொப்பெல்லரைப் பிடித்துச் சுழற்றும் பல்லுக்கும் இடையே ஏறக்குறைய தண்டின் விட்டம் அளவுக்கு இடைவெளி விட வேண்டும், 4 மி.மீ. தண்டுக்கு 3 முதல் 4 மி.மீ. வரை. அழகாக இருக்கட்டும் என்று ஒட்ட வைத்துப் பூட்டினால், முழு வேகத்தில் தண்டு குறுகி, பல் தாங்கியோடு உராய்ந்து பிரேக் போலப் பிடிக்கும். கரையில் கையால் சுற்றிப் பார்த்தால் ஒரு குறையும் தெரியாது; தண்ணீரில் மட்டும் மோட்டார் கொதிக்கும். இந்தக் கோளாறைத் தேடி மோட்டார், இஎஸ்சி, பேட்டரி என்று மூன்றையும் மாற்றியவர்கள் உண்டு.

தண்டும் மோட்டாரும் ஒரே கோட்டில் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. மோட்டார் தாங்கியின் திருகுகளைத் தளர்த்தி, தண்டை மோட்டாரோடு இணைக்கும் கப்ளிங்கில் பூட்டி, மோட்டார் தானாக எங்கே உட்கார விரும்புகிறதோ அங்கே விட்டு, குறுக்காக ஒன்று மாற்றி ஒன்று இறுக்க வேண்டும். பிறகு புரொப்பெல்லரைக் கழற்றிவிட்டு, வாட் மீட்டரை இடையில் போட்டு, கால் வேகத்தில் சில நொடி மட்டும் ஓட்டி ஆம்பியரைக் குறித்துக்கொள்ளவும். தண்டையும் கழற்றி மோட்டாரை மட்டும் அதே வேகத்தில் ஓட்டவும். இரண்டுக்கும் வித்தியாசம் சிறிதாக இருக்க வேண்டும். தண்டு சேர்ந்ததும் மின்னோட்டம் இரட்டிப்பானால் கோடு கோணல், அல்லது குழாய் வளைந்திருக்கிறது, அல்லது உள்ளே டெஃப்லான் உறை சுருண்டிருக்கிறது. உலர்ந்த நிலையில் முழு வேகம் கூடவே கூடாது. தண்ணீர் இல்லாமல் உறை சூடேறி உருகும். புரொப்பெல்லர் மாட்டியிருந்தால் இதழ் பிய்த்துக்கொண்டு பறக்கவும் கூடும்.

கிரீஸ் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். இரண்டு மூன்று ஓட்டத்துக்கு ஒருமுறை தண்டை உருவி, துடைத்து, டூவீலர் கடையில் கிடைக்கும் லித்தியம் வீல் பேரிங் கிரீஸையோ மரைன் கிரீஸையோ தாராளமாகப் பூசிச் சொருகவும். கிரீஸுக்கு இரண்டு வேலை: உராய்வைக் குறைப்பது ஒன்று, குழாய் வழியே தண்ணீர் உள்ளே ஏறாமல் அடைப்பது மற்றொன்று. ஓட்டம் முடிந்த அன்றே உருவாவிட்டால் மறுவாரம் தண்டு செந்நிறமாக வெளியே வரும். மோட்டார் தண்டு 5 மி.மீ., வளையும் தண்டு 4 மி.மீ. என்று அளவு மாறும்போது இரண்டு துளை உள்ள கப்ளிங் வேண்டும். 36 மி.மீ. மோட்டார்களில் 3.17 மி.மீ. தண்டும் வருவதால் வாங்கும் முன் வெர்னியரால் அளப்பது நல்லது. கிடைக்காவிட்டால் கோயம்புத்தூர் போன்ற ஊர்களில் எந்த லேத் பட்டறையிலும் கடைந்து தருவார்கள். மையம் தப்பாமல் ஒரே பிடியில் இரு துளையையும் போடச் சொல்லுங்கள். திருப்பி மாட்டிக் கடைந்தால் ஆட்டம் வந்துவிடும்.

இப்போது புரொப்பெல்லர். கட்டுரையில் இதற்கு ஒரு வரிகூட இல்லை. உண்மையில் பாதிக் கட்டுரை இதற்குத்தான் போயிருக்க வேண்டும். கடைகளில் 440, 442, 642 என்று கேட்பீர்கள். கடைசி இரண்டு இலக்கம் விட்டம் மி.மீட்டரில், முதல் இலக்கம் முன்னேற்றத்துக்கும் விட்டத்துக்கும் உள்ள விகிதத்தில் புள்ளிக்குப் பின் வருவது. 440 என்றால் 40 மி.மீ. விட்டம், விகிதம் 1.4, ஒரு சுற்றுக்குக் கணக்குப்படி 56 மி.மீ. முன்னே போகும். 28,000 சுற்று மோட்டார் சுமையில் 22,400-க்கு இறங்கும் என்று வைத்தால் மணிக்கு 75 கி.மீ. வழுக்கல் போக 60 முதல் 64 வரை தண்ணீரில் கிடைக்கும். அதற்கு மேல் ஜிபிஎஸ் காட்டினால் ஜிபிஎஸ்ஸைச் சந்தேகியுங்கள்.

சுமையோ விட்டத்தின் ஐந்தாம் அடுக்கில் ஏறும். 40-லிருந்து 42-க்குப் போவது 2 மி.மீ. தான் என்று தோன்றும். அதே சுற்றில் திறன் 28 சதவீதம் கூடுதலாக வேண்டும். 45-க்குப் போனால் 80 சதவீதம். எதிர்த்திசையிலும் இதே கணக்கு வேலை செய்யும்: மோட்டார் சூடாகும் படகில் 40-ஐ எடுத்து 38 மாட்டினால் சுமை 23 சதவீதம் குறையும். பல படகுகள் சிறிய புரொப்பெல்லரில் வேகமாகவே ஓடும். மூச்சுத் திணறிய மோட்டார் தன் சுற்றைத் திரும்பப் பெறுவதே காரணம். ஆகவே முதல் மாற்றமாக 38, 40, 42 என மூன்று புரொப்பெல்லர் வாங்கி, சிறியதிலிருந்து தொடங்குங்கள். ஒரு பேட்டரியின் விலையில் மூன்றும் வந்துவிடும்.

உலோகப் புரொப்பெல்லர் பெட்டியிலிருந்து வந்தபடி மாட்டக்கூடியது அல்ல. இரண்டு சவர பிளேடுகளைச் சமமட்டத்தில் இணையாக நிறுத்தி, ஒரு நேரான கம்பியில் புரொப்பெல்லரைச் செருகி அதன் மேல் வைத்தால் கனமான இதழ் கீழே வரும். அந்த இதழின் முன்பக்கம், அதாவது அணியத்தைப் பார்க்கும் குவிந்த முகத்தில், சிறு அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாக ராவ வேண்டும். தண்ணீரைத் தள்ளும் குழிந்த முகத்தைத் தொட்டால் சாய்வு கெட்டுவிடும். எந்த நிலையில் விட்டாலும் உருளாமல் நின்றால் போதும். பிறகு தண்ணீரை வெட்டும் விளிம்பைக் கூராக்கவும். விலையுயர்ந்தவை பெரிலியம் கலந்த செம்பில் வருபவை; அவற்றின் தூசு நுரையீரலுக்கு ஆகாது. தண்ணீர் விட்டு ஈரத்திலேயே தேய்க்கவும், முகக்கவசம் போடவும், துடைத்த துணியை வீட்டுத் துணியோடு துவைக்க வேண்டாம். இந்த வேலையைப் பிள்ளைகளிடம் தனியே விடக் கூடாது.

தண்டைப் பின்னால் பிடித்திருக்கும் தாங்கியின் உயரம் அடுத்தது. தண்டின் மையம் கீலின் (அடிப்பகுதியின் நடுக்கோட்டு விளிம்பு) அடிமட்டத்தை ஒட்டி, அடிப்பகுதிக்கு இணையாக, மேலும் கீழும் சாயாமல் வைத்துத் தொடங்குங்கள். இவ்வகைப் படகில் வேகத்தில் புரொப்பெல்லர் பாதிதான் தண்ணீரில் இருக்கும். ஒரு மி.மீ. ஏற்றினால் சுமை குறைந்து வேகம் கூடும், ஆனால் படகு ஆடத் தொடங்கும். இறக்கினால் அடங்கும், ஆனால் மின்னோட்டம் கூடும். ஒரு ஓட்டத்துக்கு ஒரே ஒரு மாற்றம், ஒரே ஒரு மி.மீ. இரண்டை ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று கடைசிவரை தெரியாது.

இடமும் வலமுமாக மாறி மாறித் தத்தளித்து ஓடுவது இன்னொரு பொதுவான நோய். ஒற்றைப் புரொப்பெல்லர் படகுகள் பெரும்பாலும் பின்னாலிருந்து பார்க்கும்போது இடஞ்சுழியாகச் சுற்றுபவை; அதன் எதிர்வினையால் உடல் வலப்பக்கம் சாயும். பேட்டரியை நடுவிலிருந்து 5 முதல் 10 மி.மீ. இடப்பக்கம் தள்ளுங்கள். போதவில்லை என்றால் பின்தட்டில் உள்ள வலப்பக்கத் தகட்டை அரை மி.மீ. கீழே வளைக்கலாம். தகட்டை நிறைய வளைத்துப் படகை அடக்குவது எளிது. அது பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டி ஓட்டுவது போல. இதே சுழற்சியால் இப்படகுகள் வலப்பக்கம் நன்றாகவும் இடப்பக்கம் தயங்கியும் திரும்பும். அதைக் கோளாறு என்று நினைத்துச் சுக்கானை மாற்ற வேண்டாம்; குளத்தை வலமாகச் சுற்றி ஓட்டினால் போதும்.

எதையும் மாற்றிய பிறகு இரண்டு நிமிடம் மட்டும் ஓட்டிக் கரைக்குக் கொண்டுவந்து, மூடியைத் திறந்து, வெப்பமானியாலோ விரலாலோ ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள். சூடு எங்கே இருக்கிறதோ அங்கேதான் விடை. மோட்டார் 65, 70 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது; சாதாரண நியோடிமியம் காந்தம் 80 டிகிரிக்கு மேல் நிரந்தரமாகச் சக்தி இழக்கும். அப்படி இழந்த மோட்டார் சுற்று கூடியும் இழுவை குறைந்தும் ஓடி மேலும் சூடாகும். மோட்டாரும் இஎஸ்சியும் சேர்ந்து சூடென்றால் புரொப்பெல்லர் பெரிது. மோட்டார் மட்டும் சூடென்றால் கோடு கோணல், அல்லது குளிர்விப்பு அடைப்பு. பித்தளைக் குழாய் வெதுவெதுப்பென்றால் கிரீஸ் போய்விட்டது. பேட்டரி மட்டும் சூடென்றால் அது கிழம், அல்லது சிறிது. கனெக்டர் சூடென்றால் சோல்டரிங் சரியில்லை. பொம்மைப் படகுகளில் வரும் வெள்ளை நிற டமியா வகைக் கனெக்டர் 15, 20 ஆம்பியருக்கு மேல் உருகியே தீரும். எக்ஸ்டி60 போட்டு, 12 கேஜ் சிலிக்கான் கம்பி பூட்டுங்கள். உருண்டையாக, மங்கலாக நிற்கும் சோல்டர் ஒட்டவில்லை என்று அர்த்தம். 60 வாட்டுக்குக் குறைந்த சோல்டரிங் இரும்பால் இந்தத் தடிமனைச் சூடேற்றுவது கஷ்டம்.

பேட்டரிக்கும் இஎஸ்சிக்கும் இடையிலுள்ள கம்பியை நீட்டிப் போடுவதும் இஎஸ்சியைக் கொல்லும். நீளம் கூடினால் மின்னழுத்த அலைவு கூடி, உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர்கள் சூடாகி வெடிக்கும். நீட்டியே ஆக வேண்டும் என்றால் மோட்டார் பக்கத்து மூன்று கம்பிகளை நீட்டுங்கள். பேட்டரி பக்கம் நீண்டால் இஎஸ்சியின் வாயிலேயே 35 வோல்ட், 330 மைக்ரோஃபாரட் குறைமின்தடை கெப்பாசிட்டர் ஒன்றிரண்டைச் சேருங்கள். சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும். முனை மாறினால் அதுவே வெடிகுண்டு.

கிளம்பும்போது மோட்டார் நடுங்கி நடுங்கித் திணறினால் மூன்று கம்பிகளில் ஒன்றின் புல்லட் கனெக்டர் தளர்ந்திருக்கும். எதிர்த்திசையில் சுற்றினால் மூன்றில் எந்த இரண்டையும் மாற்றிச் செருகினால் சரி. ஓடிக்கொண்டிருந்தது திடீரென நின்று, ஒரு நிமிடம் கழித்து மெல்ல ஓடினால் இரண்டு காரணம் உண்டு: பேட்டரி இறங்கியதால் இஎஸ்சி வெட்டியிருக்கலாம், சூட்டால் வெட்டியிருக்கலாம். கரைக்கு வந்ததும் செல் ஒவ்வொன்றின் வோல்ட்டையும் அளந்தால் தெரிந்துவிடும். 3.5-க்கு மேல் இருந்தால் சூடுதான். மோட்டார் அலறுகிறது, படகு நகரவில்லை என்றால் கப்ளிங் திருகு தளர்ந்திருக்கும், இல்லாவிட்டால் தண்டு அறுந்திருக்கும். திருகுகளுக்கு நீல நிறத் திரெட்லாக் ஒரு சொட்டு போதும்; சிவப்பு வேண்டாம், பிறகு சூடேற்றாமல் கழற்ற வராது.

குளிர்விப்புத் தண்ணீர் சுக்கானில் உள்ள துளை வழியே ஏறி, முதலில் இஎஸ்சி, பிறகு மோட்டார், பிறகு பக்கவாட்டில் வெளியே. ஒவ்வொரு ஓட்டத்துக்கு முன்பும் வாயால் ஊதிப் பாருங்கள். நம் ஊர்க் குளங்களில் பாசியும் சேறும் ஆகாயத்தாமரை வேர் நாரும் அந்தத் துளையை நொடியில் அடைக்கும். ஒரு மெல்லிய கம்பி பையில் இருக்கட்டும். படகு மெதுவாகப் போனால் தண்ணீர் ஏறாது என்பதையும் மறக்க வேண்டாம். முழு வேகத்தில் ஓட்டிவிட்டுச் சட்டென்று நிறுத்தினால் சூடு உள்ளேயே தேங்கும். கடைசி அரை நிமிடம் பாதி வேகத்தில் ஓட்டிக் கரை சேருங்கள். மோட்டார் உறையின் ரப்பர் வளையம் கசிந்தால் அந்தத் தண்ணீர் படகுக்குள்தான் விழும்.

உள்ளே தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க உங்கள் பத்திரிகைத் தாளே போதும். தண்டுக் குழாய், சுக்கான் கம்பியின் ரப்பர் உறை, குளிர்விப்புக் குழாய் இணைப்பு, மூடி விளிம்பு என்று ஒவ்வோர் இடத்தின் கீழும் ஒரு துண்டுத் தாளை வைத்து, பெரிய தொட்டியில் பாரம் வைத்துப் பத்து நிமிடம் மிதக்கவிட்டால் எந்தத் துண்டு நனைந்ததோ அங்கேதான் ஓட்டை. மூடியைச் சுற்றி அகலமான செலோடேப்பை ஒவ்வொரு முறையும் புதிதாக ஒட்டுவதுதான் நம்பகமானது. கவிழ்ந்தாலும் மூழ்காமல் இருக்க அணியத்தில் மிதவை வேண்டும். இரண்டு கிலோவுக்குக் குறைந்த படகுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் அளவு ஃபோம் போதும், டி.வி. பெட்டியில் வரும் வளையும் வெள்ளை ஃபோம் நல்லது. தெர்மாகோல் வேண்டாம், ஃபெவிக்விக் பட்டால் கரையும், பாலியெஸ்டர் ரெசின் பட்டாலும் கரையும்.

சிக்னல் விட்டுவிட்டு வருவதற்கும் எளிய காரணம்தான். 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலையைத் தண்ணீர் விழுங்கும். ரிசீவர் கம்பியின் நுனியில் உறை நீங்கிய 31 மி.மீ. மட்டும்தான் ஆன்டெனா, அது நீர்மட்டத்துக்கு மேலே, நட்டமாக, ஒரு பிளாஸ்டிக் குழாயில் நிற்க வேண்டும். நிக்கோலா டெஸ்லா 1898-இல் நியூயார்க்கில் ஓட்டிக் காட்டிய முதல் ரேடியோ படகின் மேல்தளத்திலும் ஏரியல் நட்டமாகவே நின்றது. கார்பன் ஃபைபர் உடலுக்குள் ஆன்டெனாவை வைத்தால் இரும்புப் பெட்டிக்குள் வைத்தது போல. பழைய பிரஷ் மோட்டார் படகில் சிக்னல் தடுமாறினால் 104 என்று அச்சிட்ட 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் மூன்று வாங்கி, ஒன்றை இரு முனைகளுக்கு இடையிலும், மற்ற இரண்டை ஒவ்வொரு முனையிலிருந்து மோட்டார் உறைக்கும் வைத்துச் சோல்டர் செய்யவும். சுக்கான் சர்வோ கடைசி எல்லையில் முட்டி நின்றாலும் மின்சாரம் முழுவதையும் அதுவே இழுத்து ரிசீவரை அணைத்துவிடும். ரிமோட்டில் எல்லையைக் குறைத்து வையுங்கள். சிக்னல் போனால் மோட்டார் நிற்கும்படி ஃபெயில்சேஃப் வைத்திருக்கிறதா என்று கரையில் ரிமோட்டை அணைத்துப் பார்ப்பது கட்டாயம்.

நேரக் கணக்கு: 5,000 மில்லி ஆம்பியர் மணி பேட்டரியில் 80 சதவீதம், அதாவது 4 ஆம்பியர் மணி எடுக்கலாம். சராசரி 40 ஆம்பியர் என்றால் ஆறு நிமிடம். ரிமோட்டில் ஐந்து நிமிடத்துக்கு அலாரம் வையுங்கள், திரும்பி வர மிச்சம் வேண்டும். மேலட்டையில் போட்டிருக்கும் சி மதிப்பை, அதாவது பேட்டரி எவ்வளவு மின்னோட்டம் தரும் என்ற எண்ணை, பாதியாக எண்ணிக்கொள்வது பாதுகாப்பு. வெயிலில் பூட்டிய காரில் லிப்போவை விடக் கூடாது. ஓட்டம் முடிந்து ஆறிய பிறகே சார்ஜ். வீட்டில் வைக்கும்போது செல்லுக்கு 3.8 வோல்ட், உப்பியதை மறுபடி சார்ஜ் செய்யவே வேண்டாம்.

கட்டுரையில் விட்டுப்போன இன்னொன்றும் உண்டு. நடுக்குளத்தில் நின்ற படகை எடுக்கப் பிள்ளைகள் இறங்கக் கூடாது. கோடையில் தண்ணீர் குறைந்த ஏரியில் முழங்கால் ஆழத்துக்குச் சேறு. கல்குவாரிக் குட்டையில் கரையை விட்டு ஓரடி வைத்தால் ஆழம் தெரியாது. தூண்டில் கம்பும் அதன் நரம்பு நுனியில் கட்டிய டென்னிஸ் பந்தும் போதும்: படகைத் தாண்டிப் பந்தை வீசி, நரம்பு படகில் மாட்டும்படி மெல்ல இழுக்கலாம். குளம் அகலம் என்றால் இருவர் எதிரெதிர்க் கரையில் நின்று நீளமான மிதக்கும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தால் படகு தானே கரைக்கு வரும். ஓட்டக் கிளம்பும்போதே இவை இரண்டும் பையில் இல்லை என்றால் அன்றைக்கு ஓட்ட வேண்டாம்.

அடுத்த இணைப்பில் திருத்தம் வெளியிட இடமிருந்தால் இரண்டு வரி போதும்: 3எஸ் மாட்டும் முன் மோட்டார் மேல் உள்ள கேவி எண்ணை 11.1-ஆல் பெருக்கிப் பார்க்கவும். விடை 35,000-ஐத் தாண்டினால் மாட்ட வேண்டாம்.

இப்படிக்கு,
வாசகர்,
கோயம்புத்தூர்